வீட்டிலிருந்து நான்கு மணி நேரம்

ஆயுத பூஜைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, சாப்பிட உட்காராமல் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தமிழ்நாட்டு வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு நீலக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"ராமேஸ்வரம் போயிர்றோம். அங்கிருந்து கடலோரமாவே தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி. நாலு நாள்ல போயிட்டு வந்துபோடலாம்" என்றார்.

நான் மகனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். "சரிங்க" என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்பது நாலு வாய் ஊட்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது.

எங்கள் மகனுக்கு அப்போது இருபத்தொரு வயது. அப்பாவைவிட உயரம். ஆட்டிசம். பேச்சு வரவில்லை. பதின்மூன்று வயதில் வலிப்பும் சேர்ந்துகொண்டது. வாஷிங் மெஷின் ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கும். அது ஓடி முடியும்வரை முன்னால் சம்மணம் போட்டு அசையாமல் இருப்பான். மற்ற நேரமெல்லாம் நடப்பான். கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கூடம். சோறு நான்தான் ஊட்ட வேண்டும். அவனாக எடுத்துச் சாப்பிட மாட்டான் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அவன் பிறந்து சில வருடங்களுக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வெளியே ஒரு ராத்திரி தங்கியதில்லை. கல்யாணம், சாவு, எதுவானாலும் ஒருவர் போவோம், ஒருவர் இருப்போம். பஞ்சாலை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை நான் விட்டது அவனுடைய மூன்றாம் வயதில். இதையெல்லாம் சொல்லும்போது கேட்கிறவர்கள் முகம் மாறும். எனக்கு மாறாது. வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். ரொம்ப நாளாக எனக்கு எதுவுமே அப்படி இல்லை. காப்பியில் சர்க்கரை கூடினால் கூடியது என்று தெரியும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று தோன்றாது. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பேன்.

இந்தப் பயணப் பேச்சு எழுந்ததே என் வீட்டுக்காரரின் அக்காவால்தான். நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர் பாயும் கொஞ்சம் வயல், ஒரு மாடு, அவர் மட்டும் இருக்கும் வீடு. அவர் வீட்டுக்காரர் இறந்து பல வருடமாகிறது. ஆவணியில் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்றில், தாலி கட்டியதும் மொய் எழுதிவிட்டு நான் கிளம்பினேன். நங்கையா மண்டப வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மணி, இலையில உக்காந்து உங்கறதுக்குக் கூடவா நேரமில்ல?"

"அவரு பட்டறைக்குப் போகோணுங்க. பையன் தனியா இருப்பான்."

அவர் கையை விட்டுவிட்டு, "நான் ஒரு நாலு நா வந்து இருக்கறேன். நீங்க ரெண்டு பேரும் எங்கியாச்சும் போயிட்டு வாங்க" என்றார்.

கல்யாண வீட்டில் சொல்கிற பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் அடுத்த வாரமே தம்பிக்குப் போன் செய்து நாள் கேட்டிருக்கிறார். நடவுக்குத் திங்கட்கிழமை ஆள் சொல்லியிருந்தார். அதற்கு முந்தி ஊர் திரும்ப வேண்டும். பட்டறைக்கு ஆயுத பூஜையிலிருந்து ஞாயிறுவரை விடுமுறை. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் எங்களுக்குக் கிடைத்தது வியாழன் காலையிலிருந்து ஞாயிறு பொழுது சாயும்வரை.

என் வீட்டுக்காரர் சூலூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்பு மோட்டாருக்குத் தண்டு கடைந்து கொடுப்பது தொழில். ஒரு வேலையை எடுத்தால் அளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர். பயணத்துக்கும் அப்படியே செய்தார். தூத்துக்குடிக்குச் சரக்கு கொண்டுபோகும் டெம்போ டிரைவரிடம் விசாரித்து, சாயல்குடி ரோடு நன்றாக இருக்கிறது என்று வந்து சொன்னார். எந்த ஊரைத் தாண்டினால் கடல் கண்ணில் படும், எங்கே மீன் சாப்பாடு கிடைக்கும், எங்கே லாட்ஜில் சுடுதண்ணீர் வரும், எல்லாம் அவருக்குத் தெரிந்துபோனது.

எங்களுக்குச் சேர்ந்தாற்போல் பேசக் கிடைக்கிற நேரம் பொழுது சாய்ந்து வாஷிங் மெஷின் ஓடும் நேரம்தான். அதனால் அந்த வாரங்களில் அழுக்கில்லாத துணியையும் எடுத்துப் போட்டு ஓடவிட்டேன். மகன் அதன் முன்னால் இருந்தான். நாங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அவர் வழியைச் சொல்லிக்கொண்டு வருவார். நான் ஒவ்வோர் ஊருக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"அங்கிருந்து ஊட்டுக்கு எத்தனை நேரமாகுமுங்க?"

அவர் கைப்பேசியில் அமுக்கிப் பார்ப்பார். கன்னியாகுமரிக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் காட்டியது. மறுநாள் கன்னியாகுமரியை அவரே எடுத்துவிட்டார். அடுத்து உவரி போனது, பிறகு திருச்செந்தூர். ராமேஸ்வரம் மட்டும் போய் வரலாமா என்றார். அதுவும் ஏழரை மணி நேரம்.

"இங்க பாரு, எத்தனை நேரத்துக்குள்ள இருந்தா உனக்குச் சரிப்படும்? அதைச் சொல்லு. நான் அதுக்குத் தக்கன போட்டுக்கறேன்."

"நாலு மணி நேரமுங்க."

ஏன் நாலு என்று அவர் கேட்கவில்லை. எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை. வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்க மருந்து இருக்கிறது, அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் நாலு மணி நேரத்தில் வந்து சேர்ந்து செய்யப்போவது ஒன்றுமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் வரைபடத்தை மேற்கே தள்ளினார். பாலக்காடு, திருச்சூர், சாவக்காடு. சாவக்காட்டுக் கடற்கரை மூன்றரை மணி நேரம். பொன்னானிக்குச் சரியாக நாலு. "இன்னும் வடக்கே போனா கண்ணூர்கிட்ட ஒரு கடற்கரை இருக்குது. மணல் மேலயே கார் ஓட்டலாமாம்" என்று சொல்லிக்கொண்டே அமுக்கியவர், வந்த எண்ணைப் பார்த்துவிட்டு எனக்குக் காட்டாமல் விரலால் தள்ளிவிட்டார்.

கடைசியில் மிஞ்சியது சாவக்காட்டிலிருந்து பொன்னானி வரைக்குமான கடலோரம்.

"இதுக்கு நாலு நா எதுக்கு? வெடியால கெளம்புனா மத்தியானச் சோத்துக்குள்ள முடிஞ்சுபோகும்."

"மெதுவாப் போலாமுங்க."

அவர் கைப்பேசியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கோபமில்லை. நாங்கள் ஒருவரையொருவர் கோபித்துக்கொண்டு ரொம்ப வருடமாகிவிட்டது.

புறப்படுவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்றார் நங்கையா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். "பொழுதுக்குள்ள வந்தாப் போதும். எங்கியாச்சும் போங்க" என்று எங்களை வாசலுக்குத் தள்ளினார். எங்கே போவது என்று தெரியாமல் உடுமலைப்பேட்டை வரைக்கும் போனோம். தேங்காய் எண்ணெய் வாங்க வேண்டும் என்று ஒரு காரணமும் சொல்லிக்கொண்டோம்.

எண்ணெய் வாங்கப் பத்து நிமிடம் ஆனது. பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். இரண்டு டீ, ஒரு தேங்காய் பன். ரோட்டைப் பார்த்தாற்போல் இருந்த நாற்காலிகள்.

"டீ நல்லாருக்குது" என்றார்.

"ஆமாங்க."

மகன் கூட இருந்தால் பேச்சு வரும். மாத்திரை கொடுத்தாயா, தூங்கினானா, காலில் என்ன காயம், இந்த மாதம் மருந்துக் கடையில் பாக்கி தீர்த்தாச்சா. அவனைப் பற்றி இல்லாமல் ஒரு டீ குடிக்கும் நேரத்தை ஓட்டுவது எப்படி என்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது. எதிரே தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வரத் தெரியாமல் போக்குவரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகர்ந்து முடியும்வரை இருவரும் அதையே பார்த்தோம்.

"கடலுக்குப் போயி என்ன பேசறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"தெரியலீங்க."

"வண்டி ஓட்டிக்கிட்டே இருந்தாப் பேச வேண்டியதில்ல" என்றார். பன்னில் ஒரு பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

மத்தியானமே திரும்பிவிட்டோம். நங்கையா எங்களைப் பார்த்து, இவ்வளவு சீக்கிரமா என்பதுபோல் வாசலிலேயே நின்றார். மகன் நடந்துகொண்டிருந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

பூஜை முடிந்த மறுநாள் காலை கிளம்பினோம். முந்தின நாளே நங்கையா வந்துவிட்டார். நான் மருந்து டப்பாவைத் திறந்து வைத்து, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கமாகப் படுக்க வைப்பது என்று காட்டினேன். அதை மட்டும் இரண்டு முறை செய்து காட்டச் சொல்லிக் கவனமாகப் பார்த்தார். மற்றது எதற்கும் அவர் காது கொடுக்கவில்லை.

"சோறு நீங்கதான் ஊட்டி விடோணுங்க. கையில எடுத்து உங்க மாட்டான்."

"சரி, சரி."

"ரவைக்கு எந்திரிச்சு நடந்தான்னா லைட்டப் போடாதீங்க."

"போ அம்மணி. நான் என் புள்ளைகளையும் கொழுந்தன் புள்ளைகளையும் சேத்து வளத்தவ."

மகனிடம் போய்வருகிறேன் என்று சொன்னேன். அவன் என் கையை எடுத்து ஒரு முறை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டான். அது அவன் வழக்கம்.

காரின் முன்னால் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று அப்படியே இருந்தது. பைபாஸில் வந்த லாரிகளிலும் பஸ்களிலும்கூட வாழை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வாளையாறு தாண்டியதும் தூறல். குதிரான் சுரங்கத்துக்குள் கைப்பேசியில் சிக்னல் போனது. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் ஒன்றிரண்டு கோடுகள் ஏறின. யாரும் அழைத்திருக்கவில்லை.

விடுமுறைக் கூட்டத்தில் திருச்சூருக்குள் வண்டி ஊர்ந்தது. சாவக்காடு போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. காரை நிறுத்திவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். நிறையக் குடும்பங்கள் வந்திருந்தன. பஞ்சுமிட்டாய்க்காரன், பந்து விளையாடுகிற பிள்ளைகள், பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு நிற்கிற ஆண்கள். அதற்கப்பால் கடல் இருந்தது. சாம்பல் நிறம். அலை வந்தது, போனது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் கடலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நாள் வழி போட்டவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

"நல்லாருக்குதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அறைக்கு வந்தோம். கைகால் கழுவிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன். நினைவில் இருப்பது அவ்வளவுதான்.

விழித்தபோது ஜன்னலில் நல்ல வெயில். எந்த வெயில் என்று புரியவில்லை. அவர் கையில் ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"புட்டும் கடலையும் வாங்கியாந்தேன். உண்டுபோட்டுத் தூங்கு."

"மணி என்னங்க?"

"அதெதுக்கு? அக்கா போன் பண்ணுனா. பையன் தூங்கி எந்திரிச்சானாம்."

வெள்ளிக்கிழமை காலை பத்தைத் தாண்டியிருந்தது. நான் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் படுத்தேன். பொன்னானியில் கலங்கரை விளக்கம், படகுத்துறை, ஆறு கடலில் சேரும் இடம் என்று அன்றைக்கு அவர் போட்டிருந்த திட்டம் எனக்கு நினைவிருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். மறுபடியும் கண் மூடிக்கொண்டது. அவர் என்னை எழுப்பவில்லை. தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பொன்னானி போய்விட்டு, வெயில் இறங்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

"எப்படி இருந்துச்சுங்க?"

"நெறையப் படகு நின்னுச்சு" என்றார்.

அன்று பொழுது சாய்ந்ததும் நங்கையாவின் அழைப்பு வந்தது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். மகன் என்னைப் பார்த்தால் தேடுவான் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு மெத்தைமேல் வைத்தேன்.

"என்ன அம்மணி, கடல் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுங்க. உண்டானுங்களா?"

"உண்டான். அவனே உண்டான்."

"அவனேன்னா?"

"தட்டத்தை வெச்சுப்போட்டு, மாட்டைப் பாக்கச் சொன்னவளுக்கு ஒரு போனப் போட்டுட்டு வரலாம்னு வெளிய போனேன். பேச்சு நீண்டுபோச்சு. வந்து பாத்தா பாதி தட்டம் காலி. கையில எடுத்து உங்கறான். கீழ கொஞ்சம் சிந்திப்போட்டான், அதென்ன, தொடச்சாப் போச்சு."

"எப்பங்க இது?"

"நேத்து ரவைக்கு. இன்னைக்கு வெடியாலயும் அப்படித்தான். மத்தியானமும். ஏன், எப்பவும் உங்கறதுதானே?"

என் வீட்டுக்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

இது சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று எனக்குத் தெரிந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அந்தச் சந்தோஷத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. என் வலது கை மடியில் கிடந்தது. அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சில வேளைகளில் அவனே எடுத்துச் சாப்பிடுகிறான். பெரும்பாலும் நான் அந்த அறையில் இல்லாதபோது.

மறுநாள் காலை, சனிக்கிழமை, அவருக்கு முன்னால் நான் எழுந்து குளித்துவிட்டேன். அவர் பல் விளக்கிவிட்டு வந்ததும் கேட்டேன்.

"அந்த மணல்ல கார் ஓட்டற எடம் எங்கீங்க இருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். "கண்ணூர்கிட்ட." நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்: "அங்கிருந்து ஊட்டுக்கு எட்டு மணி நேரம் ஆகும்."

"போலாமுங்க."

வாரக்கணக்கில் போட்ட திட்டத்துக்கு இல்லாத அவசரம் அப்போது வந்தது. ஞாயிறு பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். அவர் நின்றுகொண்டே கணக்குப் போட்டார். பேப்பூரில் மரக்கலம் கட்டும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தார், நேரமில்லை. கோழிக்கோட்டுக் கடற்கரை, நேரமில்லை. மாஹி, தலச்சேரிக் கோட்டை, எதுவும் முடியாது. நேரே போவது, அங்கே தங்குவது, விடிவதற்குள் கிளம்புவது. பத்து நிமிடத்தில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு அறையைக் காலி செய்தோம்.

நெடுஞ்சாலையில் வழி நெடுக வேலை நடந்துகொண்டிருந்தது. பாலத்துக்குத் தோண்டிய குழிகள், ஒரு பக்கமாகத் திருப்பிவிட்ட ரோடுகள், சிவப்பு மண். கடலோரப் பயணம் என்று பெயர். தென்னைகளுக்கும் வீட்டு மதில்களுக்கும் நடுவில் எப்போதாவது ஒரு துண்டுக் கடல் தெரியும், மறையும். கோழிக்கோட்டில் சிக்னலில் நின்றபோது ரோட்டோரக் கடையில் அல்வாப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாகவே வாங்கினேன். வடகரையில் நின்றவாக்கில் மீன் சாப்பாடு. நாலு மணி நேர எல்லையை எப்போது தாண்டினோம் என்று நான் கவனிக்கவில்லை. பிறகு யோசித்தபோது, சாப்பிடுவதற்கு முன்னாலேயே தாண்டியிருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நுழைவில் நின்றவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் பக்கம் ரொம்பப் போகாதீர்கள் என்று மலையாளத்தில் சொன்னார். என் வீட்டுக்காரர் காரை மெதுவாக இறக்கினார். மணல் ஈரமாக இறுகியிருந்தது. டயர் புதையவில்லை. ரோட்டில் கேட்கிற சத்தம் எதுவும் இல்லாமல் வண்டி உருண்டது. இடது பக்கம் அலை, பக்கத்தில் வேறு கார்கள், பைக்கில் வட்டம் போடுகிற பையன்கள். ஒரு கோடிவரை போய்த் திரும்பினார். மறுபடியும் போனார். மூன்றாவது முறை நடுவில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

ஜன்னலை இறக்கினார். காற்று உள்ளே வந்தது. இருவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"அவனை உட்டுப்போட்டு வந்தது உனக்குக் கஷ்டமா இருக்குதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "இல்லீங்க."

"எனக்கும் இல்ல." ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். "இருக்கும்னு நெனச்சேன். நேத்துக் கொழாயத் தொறந்து உட்டுட்டு அழுதனே, அதுகூட எதுக்குன்னு தெரியல."

"எனக்கு அதுவும் வரலீங்க."

"தெரியும்."

வேறொன்றும் பேசவில்லை. ஆனால் அந்தப் பேக்கரியில் இருந்ததுபோல் அது கனமாக இல்லை. பேச இருந்ததைப் பேசி முடித்தவர்கள் இருப்பதுபோல் இருந்தோம். ஒரு பையன் எங்கள் காரின் முன்னால் வந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். இருட்டு கட்டுவதற்கு முன் அவர் இன்ஜினைப் போட்டு, இன்னொரு முறை கோடிவரை ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுக்கு முன்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடும் நேரம். மகன் வாஷிங் மெஷின் முன்னால் இருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றதும் கையை எடுத்து முகர்ந்தான், விட்டான். நங்கையாவின் பை வாசலில் தயாராக இருந்தது. அவர் தலை சீவியிருக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"கெளம்பறேன் அம்மணி. திருப்பூர்ப் பஸ்ஸப் புடிச்சிட்டா அங்கிருந்து கோபிக்குப் போயிருவேன்."

என் வீட்டுக்காரர் மகனுடன் இருந்தார். நான் ஸ்கூட்டியில் நங்கையாவைப் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். ஏறும்போதும் இறங்கும்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். விடுமுறை முடிந்து திரும்புகிற கூட்டம் நிறுத்தத்தில் நின்றது. பெட்டிக்கடை ஓரத்தில் ஒதுங்கினோம். அல்வாவை அவர் பைக்குள் வைத்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார். "மறுக்கா என்னைக் கேட்டுப்போடாதே. என்னால ஆகாது."

நான் அவரைப் பார்த்தேன்.

"வியாழக்கிழமை ரவைக்கு அவன் தூங்கவேயில்ல. வெடிய வெடிய நடந்தான். எங்க விழுந்துபோடுவானோன்னு அவன் பின்னாலயே நானும் நடந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு."

"தூங்குனான்னு சொன்னீங்களே."

"சொன்னேன். பின்ன என்ன சொல்றது? சொன்னா நீ வந்துபோடுவே." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க எப்படித்தான் இருக்கீங்களோ. நான் என்னமோ சோறாக்கிப் போட்டுப் பாத்துக்கிட்டாப் போதும்னு நெனச்சேன். வயசாயிப்போச்சு அம்மணி. மனசுல வெச்சுக்காதே."

"இல்லீங்க. நீங்க வந்ததே பெருசுங்க."

அவர் அழுதார். ரொம்ப இல்லை, சேலைத் தலைப்பால் ஒரு முறை துடைத்துக்கொண்டார். நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. கூட்டத்தில் ஏறியவருக்கு ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் அவர் முதலில் குனிந்து முட்டியை நீவிக்கொண்டது ஜன்னலில் தெரிந்தது. பஸ் கிளம்பியது.

ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் அழைத்தார்.

"ஏறிட்டாளா?"

"ஏறியாச்சுங்க. இடமும் கெடச்சுது."

"சொன்னாளா?"

"என்னதுங்க?"

"இனி வர மாட்டேன்னு."

வண்டியை ஓரம் கட்டினேன். "உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"வெள்ளிக்கெழம. பொன்னானிக்குப் போறப்பப் போன் பண்ணுனா. நான் அப்பவே வந்தர்றோம்னுதான் சொன்னேன். வந்தீங்கன்னா இப்பவே பஸ் ஏறிப்போடுவேன்னுட்டா." பின்னால் மகன் நடக்கும் சத்தம் கேட்டது. "நீ தூங்கிட்டிருந்தே. சரி, தூங்கட்டும்னு உட்டுட்டேன். இனி எப்பத் தூங்குவியோ."

பக்கத்தில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை இருந்தேன்.

"மாவு இல்ல, வாங்கிட்டு வாரனுங்க" என்றேன்.

"பாலும் வாங்கிக்க" என்றார்.